சின்னப் பிள்ளைகளுக்கு வெயில் காப்பு: சன்ஸ்கிரீன் எவ்வளவு, எந்தத் துணி, ‘டேன்’ (வெயில் கருமை) போக்கலாமா?

தளிர்நடை

வணக்கம் நண்பர்களே. 5 மாதக் கைக்குழந்தை, 4 வயதுப் பையன் இருவரோடும் ஒரு வாரம் கடற்கரை, நீச்சல்குளம் என்று பகலில் வெளியே இருக்க வேண்டும். தெரிய வேண்டியவை: குழந்தைக்கு சன்ஸ்கிரீன் பூசலாமா? பையனுக்கு எவ்வளவு பூச வேண்டும், எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 30 போதுமா, 50 வேண்டுமா? ஏற்கெனவே கை கால் கருத்திருக்கிறது. அதைப் போக்க ஏதாவது செய்யலாமா? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தோல்நலம்

கைக்குழந்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 6 மாதம் நிறையும்வரை நிழலும் துணியும்தான் காப்பு. எடையோடு ஒப்பிட்டால் அந்த வயதில் தோல்பரப்பு பெரியவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு, தோலும் மெல்லியது. அதனால் மேலே பூசுவது எதுவானாலும் உடம்புக்குள் போகும் பங்கு கூடுதல். வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறனும் அப்போது முழுதாக வந்திருக்காது, ஆகவே நேர்வெயிலில் வைத்திருக்கவே கூடாது. நிழலே கிடைக்காத நெருக்கடியில் முகம், புறங்கை போன்ற சின்ன இடங்களில் மட்டும் கொஞ்சம் பூசலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்கிறது. அப்போதும் ஜிங்க் ஆக்சைடு உள்ளதாகப் பாருங்கள்.

பையன் விஷயத்தில் எல்லாரும் சறுக்குவது அளவில். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துக் கிடைத்த எண். வீட்டில் பொதுவாகப் பூசுவது அதில் கால் பங்கிலிருந்து பாதிவரைதான். பாதி பூசினால் கிடைக்கும் காப்பும் பாதி, சில சமயம் அதற்கும் கீழே.

16 கிலோ எடையுள்ள 4 வயதுப் பிள்ளைக்குத் தோல்பரப்பு ஏறக்குறைய 6,700 சதுர செ.மீ. ஜட்டி மட்டும் போட்டு விளையாட விட்டால் ஒரு முறைக்கு 13 கிராம் வரை தேவை. டீஸ்பூனில் இரண்டரை. 50 கிராம் டியூப் நான்கு முறைக்குள் காலியாகிவிட வேண்டும். மாதக்கணக்கில் வருகிறது என்றால் பூசுவது போதவில்லை என்று அர்த்தம். அதே பிள்ளைக்கு முழுக்கை நீச்சல் சட்டையும் முட்டிவரை கால்சட்டையும் போட்டுவிட்டால் முகம், காது, கழுத்து, புறங்கை, கெண்டைக்கால், பாதம் மட்டுமே மிச்சம். ஒரு டீஸ்பூனுக்குள் முடிந்துவிடும்.

பெரியவர்களுக்கு உடம்பு முழுக்க 35 மி.லி.: முகம் கழுத்துக்கு ஒரு டீஸ்பூன், கைக்கு ஒன்று வீதம், காலுக்கு ஒன்று வீதம், மார்பு வயிற்றுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. பிள்ளைக்குப் பூசிவிட்டுத் தனக்கு விரல்நுனியில் தொட்டு வைத்துக்கொள்ளும் அம்மா அப்பாக்கள் இதைக் கவனியுங்கள்.

கடலோடி

30-க்கும் 50-க்கும் வித்தியாசம் 1 சதவீதம்தானே? 30 தடுப்பது 97, 50 தடுப்பது 98. எதற்கு வீணாகக் கூடுதல் விலை?

குப்பி_லேபிள்

கடலோடி அண்ணா, அந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். தடுக்கப்படுவதைவிட உள்ளே புகுவதுதான் தோலுக்கு முக்கியம். 30-இல் புகுவது 3.3 சதவீதம், 50-இல் 2 சதவீதம். அதாவது 50 பூசிய தோலுக்கு யூவிபி (புற ஊதாவில் தோலை வேகவைக்கும் வகை) 40 சதவீதம் குறைவாகப் போகிறது. அதோடு எல்லாரும் குறைவாகவே பூசுகிறோம் என்பதால், பெரிய எண்ணில் ஆரம்பித்தால் மிச்சம் நிற்கும் காப்பும் கூடுதல். நிழலில் விளையாடும் சாதாரண நாளுக்கு 30 தாராளம். தண்ணீர், மணல், மலை என்றால் 50.

ஆனால் 50 பூசினால் 50 மடங்கு நேரம் வெயிலில் நிற்கலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை, தண்ணீரிலிருந்து ஏறித் துவட்டியதும் ஒரு முறை. இது எந்த எண்ணுக்கும் பொருந்தும்.

லேபிளில் இன்னும் இரண்டைப் பாருங்கள். எஸ்பிஎஃப் பேசுவது பெரும்பாலும் யூவிபியை மட்டும். தரைக்கு வரும் புற ஊதாவில் 95 சதவீதம்வரை யூவிஏ, தோலுக்குள் இன்னும் ஆழமாகப் புகும் வகை. அதற்கு ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று இருக்க வேண்டும், அல்லது பிஏ என்ற யூவிஏ காப்புக் குறிக்குப் பக்கத்தில் மூன்று நான்கு கூட்டல் குறிகள், அல்லது வட்டத்துக்குள் யூவிஏ முத்திரை. அந்த வட்டம் இருந்தால் யூவிஏ காப்பு எஸ்பிஎஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறது என்று பொருள். அடுத்தது, தண்ணீரில் தாங்குவது 40 நிமிடமா 80 நிமிடமா என்பது. குளத்துக்கு 80 உள்ளதையே வாங்குங்கள்.

நிழற்குடை

மினரலா கெமிக்கலா என்று அடுத்து வரும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு மினரல், அதாவது ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு வகை நல்லது. எரிச்சல் குறைவு, கண்ணில் பட்டாலும் அவ்வளவாகக் காந்தாது. 2019-இல் அமெரிக்க எஃப்டிஏ (உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) வெளியிட்ட முன்மொழிவில், பாதுகாப்பானது என்று ஏற்கப் போதிய தரவு உள்ளவை இந்த இரண்டு மட்டுமே. மற்றவற்றில் 12-க்குக் கூடுதல் தரவு கேட்டார்கள். கேட்டார்கள் என்பதற்காக அவை கேடு என்று ஆகிவிடாது. கையில் வேறு இல்லாத நாளில் கெமிக்கல் வகையைப் பூசுவது, ஒன்றுமே பூசாமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டு மினரலும் ஒன்றல்ல. டைட்டானியம் நீண்ட அலை யூவிஏவில் பலவீனம், ஜிங்க் அதையும் பிடிக்கும். ஜிங்க் 15-லிருந்து 20 சதவீதம் உள்ளதாகப் பாருங்கள். வெள்ளையாகத் திட்டுத் தெரியும், வேறு வழியில்லை. உண்மையில் அந்த வெள்ளை ஒரு வசதி: எங்கே விட்டுப்போச்சு என்று கண்ணுக்குத் தெரியும்.

ஸ்ப்ரே வேண்டாம். காற்றில் பாதி போகும், மூச்சில் கொஞ்சம் போகும், தோலில் எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. ஸ்ப்ரே தவிர வீட்டில் வேறு இல்லை என்றால் உள்ளங்கையில் அடித்துத் தேய்த்துவிடுங்கள். அடுப்பு, நெருப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

மழலைவனம்

ஜிங்க் ஆக்சைடு பொடி வாங்கி எண்ணெயில் கலந்து வீட்டிலேயே செய்யச் சொல்லி நிறைய வீடியோ வருகிறதே, அது?

குப்பி_லேபிள்

செய்யாதீர்கள் தோழி. பொடி எண்ணெயில் ஒரே சீராகப் பரவாது, கட்டி கட்டியாகச் சேரும். தோலில் ஓர் இடத்தில் அடர்த்தியாகவும் பக்கத்திலேயே வெற்றிடமாகவும் படியும், பார்வைக்கு மட்டும் வெள்ளையாகத் தெரியும். ஆலையில் துகளுக்கு மேற்பூச்சு கொடுத்து, அரைத்து, பிறகு மனிதத் தோலில் சோதித்துத்தான் எண் போடுகிறார்கள். வீட்டுக் கிண்ணத்தில் அந்தச் சோதனைக்கு வழியில்லை. பொடியை மூச்சில் இழுக்கும் ஆபத்து வேறு.

தோல்நலம்

பூசும் முறையையும் எழுதிவிடுகிறேன், அளவு சரியாக இருந்தும் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

வீட்டைவிட்டுக் கிளம்ப 20 நிமிடம் முன்பு, உடை மாற்றுவதற்கு முன், வெற்றுடம்பில் பூசுங்கள். உடையோடு பூசினால் கழுத்துப்பட்டை ஓரமும் கைவிளிம்பும் விட்டுப்போகும். சட்டை நகரும்போது அந்தக் கோடுதான் வேகும். ஒரே இடத்தில் கொட்டித் தேய்க்காமல் பொட்டுப் பொட்டாக வைத்து இணைத்துக்கொண்டே வாருங்கள். வெள்ளை போகும்வரை அழுத்தித் தேய்ப்பது கிரீமை உள்ளங்கைக்கு மாற்றும் வேலை. ஒரு மெல்லிய படலம் மேலே நிற்கட்டும். அது காய்ந்ததும் இரண்டாவது சுற்று. ஒரே தடவையில் முழு அளவு ஏற்றுவதைவிட இரண்டு சுற்று எளிது, முதல் சுற்றில் விட்ட இடமும் இதில் மூடும்.

வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள்: காது மடலின் மேல் விளிம்பும் பின்பக்கமும், பிடரி, முட்டிக்குப் பின்னால், பாதத்தின் மேல்பக்கம், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில், தலை வகிடு. முகத்துக்கு ஸ்டிக் வகை வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் கிரீம் பூசினால் வியர்வையோடு கண்ணுக்கு இறங்கும், ஸ்டிக் அவ்வளவு ஓடாது. ஒரே இழுப்பில் விட்டுவிடாமல் நான்கு முறை முன்னும் பின்னும் இழுத்து, விரலால் ஒரு தடவை பரப்புங்கள். கண்ணைக் கசக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு விரல்களில் பூச வேண்டாம், புறங்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதுக் கிரீம் என்றால் முதலில் முன்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் பூசி ஒரு நாள் பாருங்கள். கரப்பான் (எக்ஸிமா) உள்ள பிள்ளைக்கு ஈரப்பதக் கிரீம் முதலில், கால் மணியிலிருந்து அரை மணி நேரம் கழித்து சன்ஸ்கிரீன். வரிசை மாறினால் மேலே பூசுவது கீழே இருக்கும் காப்பைக் கலைத்துவிடும்.

ஊடும்பாவும்

இவ்வளவு நேரம் கிரீமைப் பற்றியே பேச்சு போகிறது. துணி வழியாது, கலையாது, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியதும் இல்லை. பட்ஜெட் குறைவென்றால் பணத்தைச் சட்டையில் போடுங்கள்.

துணிக்கு யூபிஎஃப் என்று அளவு. யூபிஎஃப் 50 என்றால் 50-இல் 1 பங்கு உள்ளே போகும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டிஷர்ட் காய்ந்திருக்கும்போது 5 முதல் 7 வரைதான். நனைந்தால் 3 அளவுக்கு இறங்கும். குளத்தில் டிஷர்ட்டோடு இறக்கிவிட்டு ‘மூடித்தானே இருக்கிறது’ என்று பெற்றோர் நம்பும் பிள்ளைகளுக்குத்தான் தோள்பட்டை வேகிறது. பாலியெஸ்டர் அல்லது நைலானில் நெருக்கமாகப் பின்னிய நீச்சல் சட்டை ஈரத்திலும் தாங்கும். ஒரே துணியில் அடர்நிறம் வெளிர்நிறத்தைவிட மேல். இறுக்கமாக இழுபட்டால் இழைகள் விலகிக் காப்பு குறையும், ஆகவே அளவு சரியாக வாங்குங்கள். லேபிள் இல்லாத துணியை விளக்குக்கு நேரே பிடியுங்கள். பல்பின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் அது வெயிலுக்கு ஆகாது.

தொப்பி: முன்னால் மட்டும் நீட்டிய கிரிக்கெட் வகைத் தொப்பியில் காதும் பிடரியும் வெளியே. சுற்றிலும் விளிம்பு உள்ளது வேண்டும், சின்னப் பிள்ளைக்கு 5 செ.மீ., பெரியவர்களுக்கு 7.5 செ.மீ. பிள்ளைகள் தொப்பியைப் பிடுங்கி எறிவது பெரும்பாலும் நெற்றியில் அரிக்கும் தையலால்தான். உள்பட்டை மிருதுவாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். தாடைக்கயிறு இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் வகையாக இருக்கட்டும், சறுக்குமரத்தில் மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும்.

கண்ணாடிக்கு ‘யூவி 400’ என்று இருக்க வேண்டும். அந்தக் காப்பில்லாத கருப்புக் கண்ணாடி, கண்மணியை விரிய வைத்து புற ஊதாவைக் கூடுதலாக உள்ளே விடும். பிள்ளைகளின் கண் வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவு என்பதால் விழித்திரைவரை கூடுதலாகப் போகும்.

கடலோடி

தண்ணீர் பற்றி ஒரு விவரம்: அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் இருக்கும் புற ஊதாவில் 40 சதவீதம் இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடம்பு குளிர்ச்சியாக இருப்பதால் எரிவது தெரியாது. உலர் மணல் 15 சதவீதம்வரை, அலைநுரை 25 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். குடைக்கு அடியில் உட்கார்ந்தும் முகம் கருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதி திறந்த வானத்திலிருந்து சிதறி வருவது.

நேரம் பார்க்க, போனில் வானிலையோடு வரும் யூவி குறியீடு (புற ஊதாவின் வலிமையைக் காட்டும் எண்) 3-ஐத் தொட்டாலே காப்பு, 8-ஐத் தொட்டால் நண்பகலில் வெளியே போவதையே தள்ளிப்போடுங்கள். போன் இல்லாவிட்டால் நிழலைப் பாருங்கள்: பிள்ளையின் நிழல் பிள்ளையைவிடக் குட்டையாக இருந்தால் உள்ளே கூட்டி வந்துவிடுங்கள். மெல்லிய மேகத்தை நம்ப வேண்டாம், பெரும்பகுதி புகுந்து வந்துவிடும்.

மழலைவனம்

இப்படி மூடி மூடி வைத்தால் வைட்டமின் டி எங்கிருந்து வரும்? பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் காலை இளவெயிலில் காட்டச் சொல்வார்களே?

நிழற்குடை

நல்ல கேள்வி. தோலில் வைட்டமின் டி உண்டாக யூவிபி வேண்டும். சூரியன் தாழ்வாக இருக்கும் அதிகாலையில் யூவிபி மிகக் குறைவு, வருவது பெரும்பாலும் யூவிஏ. ஜன்னல் கண்ணாடி வழியே என்றால் யூவிபி கிட்டத்தட்ட சுழி. ஆக, அதிகாலையில் கண்ணாடிக்குப் பின்னால் படுக்க வைத்தால் வைட்டமினும் இல்லை. நண்பகலில் போட்டால் வைட்டமினோடு புண்ணும் வரும். அதனால்தான் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து நாளுக்கு 400 ஐயூ, 1 வயதுக்கு மேல் மொத்தத் தேவை 600 ஐயூ என்று சொட்டாகவோ உணவாகவோ கொடுக்கச் சொல்கிறார்கள். சொட்டு மருந்தின் அடர்த்தி பிராண்டுக்குப் பிராண்டு மாறும்: சிலவற்றில் 1 மி.லி.யில் 400, சிலவற்றில் ஒரே சொட்டில் 400. குழப்பிக்கொண்டால் பல மடங்கு போய்விடும், பாட்டிலோடு வந்த துளிக்குழாயையே பயன்படுத்துங்கள்.

காமாலைக்கு மருத்துவமனையில் பயன்படுத்துவது 460 முதல் 490 நானோமீட்டர் நீல ஒளி. அதில் புற ஊதா இல்லை; இரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் நிறம் தரும் பொருள்) அளவை அளந்துகொண்டே கொடுப்பார்கள். வெயிலில் அந்த அளவீடும் இல்லை, வெப்பமும் நீரிழப்பும் சேரும். மஞ்சள் கூடுகிறதா என்று வீட்டில் கண்ணால் சொல்ல முடியாது, அதிலும் மாநிறக் குழந்தைகளில் இன்னும் கடினம். வெயிலில் காட்டிக் காத்திருக்கும் அந்த இரண்டு நாள்தான் ஆபத்தானது. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தளிர்நடை

ரொம்ப நன்றி எல்லாருக்கும். டேன் பற்றி இன்னும் யாரும் தொடவில்லையே? எலுமிச்சைச் சாறு தேய்த்துக் குளிப்பாட்டச் சொல்கிறார்கள்.

தோல்நலம்

எலுமிச்சையை மட்டும் தொடவே வேண்டாம். அந்த வகைப் பழங்களின் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபுரோகூமரின் என்ற வேதிப்பொருள், யூவிஏ பட்டதும் தோல் செல்களைத் தாக்கும். சாறு வழிந்த தடத்திலேயே ஒரு நாள் கழித்துச் சிவந்து கொப்புளம் வரும், பிறகு பழுப்புக் கோடாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கும். டேனைப் போக்கப் போய் டேனைவிடப் பெரிய கறை. ஜூஸ் பிழிந்த கையோடு பிள்ளையைத் தூக்கினாலே விரல் தடம் பதியும்.

டேன் என்பது அழுக்கல்ல, தேய்த்து எடுக்க. யூவிஏ பட்ட சில நிமிடங்களில் வரும் கருமை, ஏற்கெனவே இருக்கும் மெலனின் (தோலின் நிறமி) மாறுவதால் வருவது. சில மணி நேரத்தில் பெரும்பாலும் மறையும். நிற்கும் டேன் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும். புற ஊதா செல்லின் டிஎன்ஏவைச் சிதைத்ததும் அந்தச் செல் அனுப்பும் சமிக்ஞையால் மெலனின் கூடுகிறது. ஆகவே தெரியும் நிறம் சேதம் நடந்ததற்கான அடையாளம். ‘முதலில் கொஞ்சம் கருத்துவிட்டால் அப்புறம் வெயில் தாங்கும்’ என்பதும் நடக்காது. டேன் தரும் காப்பு எஸ்பிஎஃப் 3, 4 அளவுதான். செயற்கை டேனிங் படுக்கைகளை 2009-இலேயே புற்றுநோயை உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டார்கள்.

மேல்தோல் தானாகப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 4 வாரம். வெயிலைத் தவிர்த்து, ஈரப்பதக் கிரீம் போட்டு வந்தால் டேன் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் போகும். ஸ்க்ரப், பிளீச், வெளுப்பாக்கும் கிரீம் எதுவும் பிள்ளைக்கு ஆகாது. பெயர் தெரியாத வெளுப்புக் கிரீம்களில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருப்பது புதிதல்ல. இன்னொன்றும் மனதாரச் சொல்கிறேன்: ‘கருத்துப் போயிட்டியே’ என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். வெயில் காப்பு தோல் நலத்துக்காக. நிறத்தைத் தண்டனையாக்கினால் பிள்ளை கிரீமையும் தொப்பியையும் வெறுக்கும்.

குப்பி_லேபிள்

கன்னத்தில் வெளிறிய திட்டு தெரிகிறதா என்றும் பாருங்கள். 3 வயதிலிருந்து பதின்வயதுவரை ரொம்பச் சகஜம். வறண்ட தோலில் வரும் லேசான அழற்சி. சுற்றியுள்ள தோல் கருக்க, அந்த இடம் மட்டும் கருக்காமல் வெளுப்பாகத் தெரியும். கால்சியம் குறைவு, பூச்சி என்பதெல்லாம் இல்லை. ஈரப்பதக் கிரீமும் சன்ஸ்கிரீனும் போதும், நிறம் சமமாக மாதங்கள் ஆகும். ஓரம் கத்தரித்த மாதிரித் தெளிவாக, பால் வெள்ளையாக இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்மாக்களுக்கு: கர்ப்பத்தில் வந்த மங்கு வெறும் புற ஊதாவால் மட்டும் கூடுவதில்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதைக் கருக்க வைக்கும். இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன்தான் அதற்கு உதவும். பருவுக்கு டாக்ஸிசைக்ளின் (தோலை வெயிலுக்குக் கூசவைக்கும் ஆன்டிபயாட்டிக்) சாப்பிடுகிறவர்கள் பிள்ளையைவிடச் சீக்கிரம் வெந்துபோவீர்கள், கவனம்.

மழலைவனம்

தோல் வெந்துவிட்டால்? மாநிறப் பிள்ளைக்குச் சிவப்பு தெரியவே தெரியாதே.

நிழற்குடை

தொட்டுப் பாருங்கள். சூடாக, விறைப்பாக இருக்கும். உடை உரசினால் பிள்ளை கையைத் தட்டிவிடும். 3 முதல் 6 மணி நேரத்தில் ஆரம்பித்து 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சம். அதனால் மாலையில் ‘ஒன்றுமில்லை’ என்று தெரிந்தாலும் இரவு ஒருமுறை பாருங்கள்.

குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை 10, 15 நிமிடம் போட்டு எடுங்கள். ஐஸ் வேண்டாம். ஈரத்தோடு வாசனையில்லாத ஈரப்பதக் கிரீம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. வலிக்குப் பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் இல்லை. சிரப்பில் 5 மி.லி.க்கு 120, 250 என்று வேறு வேறு அடர்த்தி உண்டு, லேபிளைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. மரத்துப்போக வைக்கும் பென்சோகைன் களிம்பு 2 வயதுக்குள் கூடவே கூடாது, இரத்தம் ஆக்சிஜன் ஏந்துவதையே கெடுத்துவிடும். 1 வயதுக்குள் என்றால் லேசாக வெந்தாலும் மருத்துவரிடம். பெரிய பிள்ளைக்குப் பரவலான கொப்புளம், காய்ச்சல், வாந்தி, மந்தம், சிறுநீர் குறைவது இருந்தால் காத்திருக்காதீர்கள்.

ஊடும்பாவும்

கைக்குழந்தையின் தள்ளுவண்டியைத் துணி போட்டு மூடாதீர்கள். மெல்லிய துணி ஆனாலும் உள்ளே காற்று நின்று வெப்பம் ஏறும், முகமும் தெரியாது. வண்டியோடு வரும் மேற்கூரையும், பக்கவாட்டில் கவ்வும் குடையும் போதும். காருக்குள் 10 நிமிடத்தில் 11 டிகிரிவரை கூடும். ஒரு நிமிடம்கூட விட்டுப் போகக் கூடாது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் யூவிஏவை உள்ளே விடும், குழந்தை இருக்கைப் பக்கம் திரை மாட்டுங்கள்.

தளிர்நடை

கடைசியாக இரண்டு: கொசு விரட்டியும் பூச வேண்டும், எது முதலில்? சன்ஸ்கிரீன் பட்ட வெள்ளைச் சட்டையில் துருநிறக் கறை வருகிறது, எப்படி எடுப்பது?

குப்பி_லேபிள்

சன்ஸ்கிரீன் முதலில், காய்ந்ததும் விரட்டி. டீட் (கொசுவை விரட்டும் வேதிப்பொருள்) உள்ள விரட்டி எஸ்பிஎஃப்-ஐ மூன்றில் ஒரு பங்குவரை குறைக்கும், அதனால் திரும்பப் பூசும் இடைவெளியைக் குறையுங்கள். இரண்டும் கலந்த ஒரே டியூப் வேண்டாம்: சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும், விரட்டியை அப்படிப் பூசக் கூடாது.

கறை ஆவோபென்சோன் வேலை, கெமிக்கல் வகை சன்ஸ்கிரீனில் யூவிஏவைத் தடுக்கச் சேர்ப்பது. தண்ணீரில் உள்ள இரும்போடு சேர்ந்து துருநிறமாகும். குளோரின் பிளீச் போட்டால் இன்னும் பிடிக்கும். முதலில் பாத்திரம் கழுவும் திரவம் தடவி எண்ணெய்ப் பசையை எடுங்கள், பிறகு சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். கறை போனதா என்று பார்க்காமல் இஸ்திரி போட வேண்டாம். ஜிங்க் வகைக்கு மாறினால் இந்தக் கறை வராது. அது விடும் வெள்ளைத் தடம் சோப்பிலேயே போய்விடும்.